வெள்ளை மாத்திரையின் பெயர்

அனுப்புநர்:
காலர் தைக்கும் தொழிலாளி,
மூன்றாவது வரிசை,
ஏற்றுமதி ஆடைத் தையல் ஆலை.
(மாலை நேரங்களில்: அரசு மகப்பேறு மருத்துவமனை, பெண்கள் பிரிவு, ஜன்னலோரக் கட்டிலின் பக்கத்தில்.)

பெறுநர்:
தொழிற்சாலைகள் ஆய்வாளர் அவர்கள்,
தொழிற்சாலைகள் ஆய்வு அலுவலகம்.

பொருள்: மாதவிடாயைத் தள்ளிப்போடுவதற்காக எங்கள் ஆலையில் பெண்களுக்குக் கொடுக்கப்படும் வெள்ளை மாத்திரையின் பெயரை, கர்ப்பிணியான என் தங்கையின் பொருட்டு வெள்ளிக்கிழமைக்குள் கேட்டுப் பெற்றுத் தர வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே கோரிக்கையுடன் சென்ற வாரம் தங்கள் அலுவலகத்தில் நான் நேரில் கொடுத்து, நேரிலேயே திருப்பி வாங்கிக்கொண்ட மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. பொருள் வரியிலேயே ‘மாதவிடாய்’ என்று எழுதியதற்கு முதலில் விளக்கம் அளிக்கக் கடமைப்பட்டுள்ளேன். சென்ற வாரம் கொண்டுவந்த மனுவிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். தங்கள் அலுவலக எழுத்தர் அந்த வரி வரைக்கும் படித்தார். பிறகு, பார்க்கக் கூடாத படம் எதையோ பார்த்துவிட்டவர் போல, தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். “லேடீஸ் சமாச்சாரம் எல்லாம் இங்க வராதும்மா, ஆஸ்பத்திரில போய்க் கேளுங்க” என்றார். ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன், அவர்கள்தான் இங்கே அனுப்பினார்கள் என்றேன். அப்படியானால் ‘உடல்நலக் குறைவு’ என்று மாற்றி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அறிவுரை கூறினார். அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. உட்கார நாற்காலி போட்டவர். ஆனால் உடல்நலக் குறைவு என்றால் தலைவலியும் அதுதான், கால் சுளுக்கும் அதுதான். எனக்கு வேண்டிய பதில் அந்தத் தலைப்பின் கீழ் கிடைக்காது. எனவே அதே சொல்லை மறுபடி எழுதியிருக்கிறேன். வாசிக்கும் தங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். எழுதும் எனக்கும் இருக்கிறது. அதை ஆளுக்குப் பாதியாகச் சுமந்துகொண்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறேன்.

2. எங்கள் ஆலையில் சட்டை தைக்கிறோம். நான் காலர் தைக்கிறேன். என் தங்கை இரண்டு வரிசை தள்ளிக் காஜா மெஷினில் இருக்கிறாள், அதாவது பட்டன் நுழையும் ஓட்டைகளைத் தைப்பவள். சட்டை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருத்தி எழுந்து போனால் அவள் மேசையில் துணி குவியும், அவளுக்கு அடுத்தவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், சூப்பர்வைசரின் குரல் கூரையைத் தொடும். கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே ஒரு டோக்கன். அந்த மர டோக்கன் சுவரில் ஆணியில் தொங்கும். அது ஆணியில் இல்லாவிட்டால் யாரும் எழக்கூடாது. மாதத்தின் அந்த நாட்களில் ஒரு பெண்ணுக்கு அந்த டோக்கன் எத்தனை முறை தேவைப்படும் என்பதைத் தங்கள் வீட்டம்மா அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். நானே எழுதுவது மரியாதையாக இராது.

3. சரக்கு கப்பலேறும் வாரத்தில் டோக்கன் ஆணியில் இருந்தும் பயனில்லை. அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவே எவருக்கும் துணிவு வராது. அந்த வாரத்துக்குத்தான் மாத்திரை. எங்கள் பெண் சூப்பர்வைசர் ஒரு பழைய மிட்டாய் டப்பாவில் அதை வைத்திருப்பார். அதனால் ஆலை முழுவதும் அவருக்கு ‘டப்பா அக்கா’ என்றே பெயர். யாருக்கு எப்போது நாள் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். என் நாள் எனக்கே மறந்த மாதங்களில் அவர் வந்து நினைவுபடுத்தியிருக்கிறார். சரக்கு வாரத்துக்கு முன்பே ஒவ்வொரு மேசையாக வந்து, “போட்டுக்கோடி, நிம்மதியா உட்காந்து தைக்கலாம்” என்று உள்ளங்கையில் ஒன்றை வைப்பார். தண்ணீரும் அவரே தருவார். விழுங்கும் வரை நகர மாட்டார். மாத்திரை அட்டையிலிருந்து உரித்தே டப்பாவுக்கு வரும். அட்டையை இதுவரை எங்களில் எவரும் பார்த்ததில்லை. வெள்ளை நிறம், வட்டம், மேலே எழுத்தோ கோடோ கிடையாது. சரக்கு போன பிறகு மாத்திரை நிற்கும்; நின்ற சில நாட்களில் தள்ளிப்போனது வந்துவிடும். எங்களுக்குத் தெரிந்த மருத்துவம் இவ்வளவுதான்.

4. ஏன் கேட்காமல் விழுங்கினீர்கள் என்று தாங்கள் கேட்கலாம். ஐயா, எங்களிடம் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. கழிப்பறை வாசலில் நின்றால் காது நிறையக் கேட்கலாம். “கட்டி கட்டியா போனா ஆபத்தா?” “ரொம்பப் போகுதுன்னா எவ்வளவு போனா ரொம்ப?” “வெள்ளைப்படுறது நோயா, இல்ல எல்லாருக்கும் அப்படித்தானா?” “இப்படித் தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தா அப்புறம் குழந்தை தங்காதா?” “நாப்பது தாண்டியாச்சு, ஒரு மாசம் வருது, ரெண்டு மாசம் வரல, இது முடியற நேரமா?” கடைசிக் கேள்வி என்னுடையது. இவை அனைத்துக்கும் எங்களிடம் இருந்த ஒரே பதில் டப்பா அக்கா. அவர் எல்லாவற்றுக்கும், “ஒண்ணும் ஆகாதுடி” என்பார். அவர் கெட்டவர் அல்ல. அவரும் அதே டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டவர்தான்.

5. இனி என் தங்கை. அவளுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாப்பிள்ளை சரக்கு வேன் ஓட்டுகிறார், தங்கமான மனிதர். மாமியாரும் வாயால் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் மருமகளின் துணி கொடியில் காய்வதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பெருமூச்சு விடுவாராம். அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை என்பாள் இவள். நான்கு ஆண்டுகளாக மாதம் தவறாமல் அது வந்தது. மாதம் தவறாமல் இவள் அழுதாள். காலையில் கண் வீங்கி வந்து காஜா மெஷினில் உட்காரும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

6. பெரிய ஆர்டர் ஒன்றுக்கு இவளும் மாத்திரை போட்டாள். சரக்கு போயிற்று, மாத்திரை நின்றது, ஆனால் வர வேண்டியது வரவில்லை. ஒரு வாரம் பார்த்தோம். டப்பா அக்கா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “உனக்கு மருந்து நல்லாப் புடிச்சிருக்குடி, இன்னும் உடம்புல தங்கியிருக்கு” என்றார். வரிசையில் இருந்தவர்கள் பொறாமைப்பட்டார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படித் தங்க மாட்டேன் என்கிறது என்று ஒருத்தி குறைப்பட்டுக்கொண்டாள். என் தங்கை சிரித்துக்கொண்டே போய் டப்பா அக்காவுக்கு நன்றி சொன்னாள். அடுத்த ஆர்டர் வந்தது. இன்னும் வராதது நடுவில் வந்து கெடுத்துவிடப் போகிறதே என்று, முன்னெச்சரிக்கையாக, மறுபடியும் போட்டுக்கொண்டாள். ஐயா, அது வராமல் போகும் எந்த மாதத்துக்காக நான்கு வருடமாக அவள் ஏங்கினாளோ, அந்த மாதம் வந்து வாசலில் நின்றது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதை மாத்திரையின் சாமர்த்தியம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

7. மெஷின்மேல் அவள் மயங்கி விழுந்த பிறகுதான் மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம். ரத்தம் மிகக் குறைவு, லேசாக உதிரப்போக்கும் இருக்கிறது. ஸ்கேன் எடுத்தார்கள். மருத்துவர் அம்மா திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அங்கே ஒரு குழந்தை இருந்தது, ஐயா. கையை ஆட்டிக்கொண்டு இருந்தது. என் தங்கை சிரித்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவளுக்கு டப்பா நினைவுக்கு வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

8. மருத்துவர் அம்மா கேட்ட கேள்விகள்: கடைசியாக எப்போது வந்தது? அதற்கு முன் ஒழுங்காக வருமா? வலி உண்டா? என்ன மாத்திரை சாப்பிட்டாய்? மற்ற எல்லாவற்றுக்கும் அவள் பதில் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு, “வெள்ளையா இருக்கும், மேடம்” என்றாள். அவர் கோபப்படவில்லை. சற்று நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். தள்ளிப்போடக் கொடுக்கும் மாத்திரைகளில் பலவகை உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. சிலவற்றுக்கு ஸ்கேனில் குறிப்பிட்ட இடங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். அதே டப்பாவில் வலிக்கோ வேறு எதற்கோ கொடுப்பதும் கலந்திருந்தால் அதற்கு வேறு கணக்கு என்று பொறுமையாக விளக்கினார். பிறகு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “பேர் மட்டும் தெரிஞ்சா போதும்மா, பாதி பயம் இங்கேயே போயிடும். தெரியாம, ஒண்ணும் ஆகாதுன்னு நான் எப்படிச் சொல்றது?” ஒன்றும் ஆகாது என்று சொல்லத் தயங்கிய முதல் ஆளை அன்றுதான் பார்த்தோம்.

9. பெயர் கேட்டு நான் அலைந்த அலைச்சலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டப்பா அக்காவிடம் கேட்டேன். மானேஜர் அறையில் பிளாஸ்டிக் உறையில் உதிரியாகத் தருவார்கள், தனக்கும் தெரியாது என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மானேஜரிடம் கேட்டேன். “எந்த மாத்திரை? இங்க அப்படி எதுவும் குடுக்கறதில்லையே” என்றார். அவருக்குப் பின்னால் இருந்த அலமாரி பூட்டியிருந்தது. ஸ்டோர்காரர், மானேஜரைக் கேட்கச் சொன்னார். மறுநாள் டப்பா அக்காவின் கையில் டப்பா இல்லை. கம்பெனியைப் பொறுத்தவரை என் தங்கை விழுங்கியது எதுவுமே இல்லை. அவள் கட்டிலில் படுத்திருப்பது மட்டும் இருக்கிறது.

10. அவளுடைய நிலை வருமாறு. அவள் மாப்பிள்ளையிடம் மாத்திரையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவர் மருத்துவமனை வாசலில் வேனை நிறுத்திவிட்டு, தினமும் ஏதாவது பழம் வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக வருகிறார். மாமியார் கட்டிலோரம் உட்கார்ந்து மருமகளின் கால்களைப் பிடித்துவிடுகிறார். நான்கு ஆண்டுகளில் அவர் இவளைத் தொட்டு நான் பார்த்தது இதுவே முதல் முறை. அவர்கள் போன பிறகு என் தங்கை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். பக்கத்துக் கட்டில்காரி, ஏதோ மருந்து சாப்பிட்ட தன் உறவுக்காரப் பெண்ணுக்குக் குழந்தை எப்படிப் பிறந்தது என்று விலாவாரியாகக் கதை சொல்லியிருக்கிறாள். அது மெய்யா பொய்யா தெரியாது. ஆனால் என் தங்கை அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. முந்தாநாள் மருத்துவர் அம்மாவிடம், கலைத்துவிட முடியுமா என்று கேட்டுவிட்டாள். கேட்டுவிட்டு வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள், அது காதில் விழுந்துவிடக் கூடாது என்பது போல.

11. அவளை நான் திட்டினேன். அதற்கு அவள், “பேரு தெரிஞ்சா நான் எதையும் தாங்கிக்குவேன்க்கா. பேரே தெரியாத ஒண்ணுக்குப் பயந்துக்கிட்டு எப்படி இத்தனை மாசம் சுமக்கறது?” என்றாள். மருத்துவர் அம்மா வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார். அன்று பெரிய ஸ்கேன் எடுக்கும் மருத்துவர் வருவார். அதற்குள் பெயர் தெரிந்தால் எதைத் தேடுவது என்று அவருக்குச் சொல்லலாம். அதற்கு மேல் நாள் கடத்தினால் எந்த முடிவும் அவள் உடம்புக்குக் கடினம் என்கிறார். நான்கு வருடம் காத்திருந்து வந்த பிள்ளையை, மானேஜர் அலமாரியைத் திறக்காத காரணத்தால் அவள் இழக்கப் போகிறாள். இதைவிடப் பணிவாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

12. இந்த வாரம் மறுபடி சரக்கு வாரம். இன்று காலை டப்பா திரும்பி வந்துவிட்டது. டப்பா அக்கா என் மேசையைத் தாண்டிப் போகப் பார்த்தார். நானே கூப்பிட்டு, எனக்கும் ஒன்று வேண்டும் என்று கை நீட்டினேன். எனக்கு அந்தத் தொல்லை ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு உள்ளங்கையில் ஒன்றை வைத்தார். மானேஜர் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்ததால் நான் வாயில் போட்டுத் தண்ணீரும் குடிக்க வேண்டியதாயிற்று. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டேன். டோக்கன் ஆணியில்தான் இருந்தது. சரக்கு வாரத்தில் அதை எடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசரின் குரல் வரும் என்று எதிர்பார்த்தே நடந்தேன். டப்பா அக்கா வாயைத் திறக்கவில்லை. கழிப்பறையில் அதைத் துப்பி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

13. மாலையில் அதை மருத்துவர் அம்மாவிடம் காட்டினேன். பார்வையில் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும், தனியாள் கொடுத்தால் அங்கே வாங்க மாட்டார்கள், அதிகாரியின் கடிதத்தோடு போக வேண்டும் என்றார். அதைவிட, ஆலை மாத்திரை வாங்கிய பில்லை ஒரு அதிகாரி கேட்டாலே அரை மணி நேரத்தில் பெயர் வந்துவிடும் என்றும் சொன்னார். பாதியை உடைத்து நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, சோதனைக்கு உள்ளதெல்லாம் வேண்டும் என்றுவிட்டார். ஆகவே முழுவதையும் இம்மனுவோடு இணைத்திருக்கிறேன், என்னிடம் மிச்சம் எதுவும் இல்லை.

எனவே, ஐயா அவர்கள் தயைகூர்ந்து நாளையே எங்கள் ஆலைக்கு நேரில் வந்து, மானேஜர் அறையில் உள்ள அலமாரியைத் திறக்கச் செய்து, அட்டையையோ வாங்கிய பில்லையோ பார்த்து அந்தப் பெயரை மருத்துவர் அம்மாவுக்குத் தெரிவிக்க வேண்டும். முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லிவிட்டு வர வேண்டாம். சொன்னால் அலமாரியில் வெறும் நூல்கண்டுதான் இருக்கும். பெயர் கிடைக்காத நிலையில், இணைத்துள்ள மாத்திரையைத் தங்கள் கடிதத்தோடு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பெயர் தெரியாத எதையும் இனி எந்த மேசையிலும் வைக்கக் கூடாது என உத்தரவிட வேண்டும். மாதம் ஒரு முறையாவது ஒரு நர்ஸ் அம்மா எங்கள் ஆலைக்கு வந்து, நாலாவது பத்தியில் உள்ள கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். டோக்கன் விஷயத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் இவையெல்லாம் ஆற அமர நடக்கட்டும். பெயர் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

டப்பா அக்காமேல் நடவடிக்கை எடுப்பதானால், அதற்கு முன் அவரையும் ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். எங்கள் எல்லோரையும்விட அதிகமாக விழுங்கியவர் அவர்தான்.

பதிலைத் தயவுசெய்து தங்கையின் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அவள் சொல்வதற்கு முன் மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் ஒரு அரசாங்கக் கவர் சொல்லக் கூடாது. இந்த மனுவைத் தபாலில் சேர்க்க எனக்கு நேரமில்லை. நாளை காலை தங்கள் அலுவலகக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்பேன். நாளை வேலைக்குப் போக மாட்டேன், அது போனால் போகட்டும். தங்கள் எழுத்தர் தாளைக் கவிழ்த்து வைத்தால் நானே நிமிர்த்தி வைப்பேன். தாங்கள் கிளம்பும் வரை அந்த நாற்காலியில்தான் இருப்பேன் என்பதை மிகுந்த மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் நடவடிக்கையை நம்பியிருக்கும்,

(கையொப்பம்)
காலர் தைக்கும் தொழிலாளி,
காஜா மெஷின்காரியின் அக்கா.

இடம்: மகப்பேறு மருத்துவமனைத் தாழ்வாரம்
நாள்: சரக்கு வாரம், புதன்கிழமை மாலை

இணைப்பு: மாத்திரை – ஒன்று. ஒரு பக்கம் சற்றுக் கரைந்திருக்கும். அது என் எச்சில், பொறுத்துக்கொள்ளவும். உருண்டு தொலைந்துவிடாதிருக்க, காலர் வெட்டிய துண்டுத் துணியில் சிறு பை செய்து, இத்தாளின் கீழ் மூலையோடு சேர்த்துச் சங்கிலித் தையல் போட்டிருக்கிறேன். கத்தரிக்கோல் போட வேண்டாம். உள்ளே பட்டால் நொறுங்கிவிடும். சிவப்பு நூலின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தால் தையல் தானாகவே பிரிந்துவிடும். கீழே கையை வைத்துக்கொண்டு இழுக்கவும். எங்களிடம் வேறு இல்லை.